நியூயார்க்கில் அசல் மெக்சிகன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

பசித்தவன்

வணக்கம். வேலை மாற்றலில் நியூயார்க் வந்து 5 மாதம் ஆகிறது. அதற்கு முன் 8 மாதம் மெக்சிகோ சிட்டியில் இருந்தேன். அங்கே வேலை முடிந்து இரவு 9 மணிக்கு மேல் தெருமுனையில் நின்றபடியே டாக்கோ சாப்பிடுவது பழக்கமாகிவிட்டது. சுவாதேரோ என்று ஒன்று உண்டு. மாட்டின் வயிற்றுப் பக்கத்து மெல்லிய இறைச்சி. நடுவில் மேடும் சுற்றிலும் பள்ளமுமாக ஒரு பெரிய வட்டச் சட்டி, அந்தப் பள்ளத்துக் கொழுப்பில் மெதுவாக வெந்துகொண்டே இருக்கும். கேட்டதும் எடுத்துக் கொத்தி, அதே கொழுப்பில் தோய்த்துச் சூடாக்கிய டோர்ட்டியா என்கிற மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, அவ்வளவுதான்.

இங்கே வந்த பிறகு மன்ஹாட்டன் மிட்டவுன் பக்கம் 3 கடைகளுக்குப் போய்விட்டேன். மூன்றிலும் சுவரில் பெரிய தொப்பி, தட்டில் மஞ்சள் சீஸ், மேலே புளித்த கிரீம். போன வாரம் போன கடையில் டோர்ட்டியாவை மடித்ததுமே அப்பளம் மாதிரி உடைந்தது. இரண்டு பேருக்கு 70 டாலருக்கு மேல் பில். மனசு விட்டுப்போயிற்று.

இத்தனை பெரிய ஊரில் இல்லாமல் இருக்காது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் இருப்பது குயின்ஸ், சன்னிசைடு.

மிளகாய்வற்றல்

சன்னிசைடிலா இருக்கிறீர்கள்? அப்படியானால் மிட்டவுனுக்கு எதற்குப் போனீர்கள்! உங்கள் வீட்டுப் பக்கத்து 7ஆம் நம்பர் ரயிலில் எதிர்த்திசையில் ஏறுங்கள். 74ஆம் தெருவில் இறங்கி ரூஸ்வெல்ட் அவென்யூவில் கிழக்கே நடக்க ஆரம்பியுங்கள். தலைக்கு மேலே ரயில், கீழே கடைகள். முதலில் கொலம்பியா, எக்வடோர்க்காரர்களின் கடைகள் கலந்து வரும். ஜங்ஷன் புலவார் தாண்டினால் மெக்சிகோ கூடிவிடும். 103ஆம் தெரு கொரோனா பிளாசா வரைக்கும் நடந்தால் சுமார் ஒன்றரை மைல். பசியோடு போங்கள். ஒரே கடையில் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்.

வழியில் 78ஆம் தெரு முனையில் பிர்ரியாலாந்தியா வண்டி நிற்கும். 2019இல் ஆரம்பித்தார்கள். டிஹுவானா பாணி மாட்டிறைச்சி பிர்ரியா, அதாவது மிளகாய் மசாலாவில் மெதுவாக வேகவைத்த இறைச்சி. கூடவே கொன்சொமே என்று அந்த இறைச்சி வெந்த சாறு கோப்பையில் வரும், டாக்கோவை அதில் தோய்த்துச் சாப்பிடலாம். வரிசை நீளமாக இருக்கும், ஆனால் வேகமாக நகரும்.

இன்னொன்று, ரொக்கம் கொண்டு போங்கள். பல வண்டிகளில் அட்டை வாங்க மாட்டார்கள்.

புரூக்ளின்வாசி

குயின்ஸ் மட்டும்தானா? புரூக்ளினில் சன்செட் பார்க்கை விட்டுவிட்டீர்களே. ஆர் ரயிலில் 45ஆம் தெருவில் இறங்கி ஒரு பிளாக் ஏறினால் ஐந்தாம் அவென்யூ. அங்கிருந்து 60ஆம் தெரு வரை ரொட்டிக்கடை, இறைச்சிக்கடை, சாப்பாட்டுக்கடை என்று வரிசையாக இருக்கும். (எட்டாம் அவென்யூவுக்குப் போய்விடாதீர்கள், அது சீனர்களின் தெரு. அதுவும் அருமைதான், ஆனால் நீங்கள் தேடுவது அங்கே இல்லை.)

புஷ்விக்கில் ஸ்டார் தெருவில் லோஸ் எர்மானோஸ் என்று ஒரு டோர்ட்டியா தொழிற்சாலை. உள்ளேயே ஒரு பக்கம் அடுப்பு போட்டு டாக்கோ போடுகிறார்கள். முதல் முறை போனபோது இது சாப்பாட்டுக்கடையா கிடங்கா என்று வாசலிலேயே தயங்கி நின்றேன். மாவு வெந்த வாசனைதான் உள்ளே இழுத்தது. அலங்காரம் என்று எதுவும் கிடையாது. டோர்ட்டியா மட்டும் அப்படி இருக்கும்.

சோளக்கொல்லை

இந்த ஊரில் 19 வருடமாக இருக்கிறேன். ஒன்பது வருடம் ஒரு மெக்சிகன் சமையலறையில் கணக்கு எழுதினேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசித்தவன், நீங்கள் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். 'மெக்சிகன் சாப்பாடு எங்கே' என்று தேடினால் தொப்பி மாட்டிய கடைதான் வரும். 'இந்த ஊருக்கு மெக்சிகோவின் எந்தப் பகுதிக்காரர்கள் வந்திருக்கிறார்கள்' என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸ் வேறு, சிகாகோ வேறு. நியூயார்க்குக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் புவேப்லா மாநிலத்துக்காரர்கள். அவர்களே இந்த ஊரைப் 'புவேப்லா யார்க்' என்று செல்லமாகச் சொல்வார்கள். அடுத்து கெரேரோ, ஒவாஹாகா. ஆகவே மெக்சிகோ சிட்டியின் சுவாதேரோவைத் தேடி நீங்கள் அலைவது புரிகிறது, அது இங்கே கிடைக்கவும் செய்யும். ஆனால் இந்த ஊரின் கை எதில் தேர்ந்ததோ அதை முதலில் சாப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் செமிட்டா. எள் தூவிய உருண்டை ரொட்டி, உள்ளே ரொட்டித்தூள் தடவிப் பொரித்த இறைச்சித் தகடு, நூல் நூலாகப் பிரியும் ஒவாஹாகா சீஸ், அவகாடோ, சிப்போட்லே மிளகாய், மேலே பாபலோ என்று ஒரு பச்சிலை. அந்த இலையில்தான் விஷயம் இருக்கிறது. கொத்தமல்லியின் அண்ணன் மாதிரி காரமான வாசனை, முதல் வாயில் முகம் சுளிக்க வைக்கும், நாலாவது வாயில் அது இல்லாமல் முடியாது. பாபலோ வைக்கிற கடை என்றால் அடுப்படியில் புவேப்லாக்காரர் இருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம்.

அடுத்து தாக்கோ ஆராபே, அதாவது அரபு டாக்கோ. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்காசியாவிலிருந்து புவேப்லாவுக்குக் குடியேறியவர்கள் கம்பியில் குத்திச் சுற்றும் இறைச்சியைக் கொண்டுவந்தார்கள். அது பன்றி இறைச்சியாக மாறி, பிட்டா போன்ற ரொட்டியில் சுற்றப்பட்டது. அதன் தம்பிதான் உலகம் முழுக்கத் தெரிந்த அல் பாஸ்டோர்: சிவப்பு அச்சியோட்டே மசாலா, சோள டோர்ட்டியா, உச்சியில் அன்னாசி.

அப்புறம் மோலே போப்லானோ. உலர்ந்த மிளகாய் மூன்று நான்கு வகை, எள், பாதாம், திராட்சை, பட்டை, கொஞ்சம் சாக்லேட், எல்லாம் தனித்தனியாக வறுத்து அரைத்து மணிக்கணக்கில் கிண்டுவது. இனிப்புச் சாறாக வந்தால் எழுந்து வந்துவிடலாம். நல்ல மோலேயில் மிளகாய் முதலில் பேசும், சாக்லேட் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும்.

இப்போது டோர்ட்டியா. உங்கள் டோர்ட்டியா ஏன் உடைந்தது? மெக்சிகோவில் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி எடுத்துவிட்டு அரைக்கிறார்கள். நம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். நிஷ்டமால் என்று பெயர், ஸ்பானியர்கள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே உள்ள முறை. அதனால்தான் மாவு ஒட்டிப் பிசைய வருகிறது, அந்தத் தனி மணமும் வருகிறது. சோளத்துக்குள் அடைபட்டிருக்கும் நியாசின் சத்தும் அப்போதுதான் உடம்பில் சேரும். இந்த முறை தெரியாமல் சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய் அதையே நம்பி வாழ்ந்த இத்தாலியிலும், அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பெலாக்ரா நோய் வந்து ஏழைகள் செத்தார்கள். அதைத் தடுப்பது ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு செய்கிற வேலை.

கடைக்குள் போனதும் முதலில் மூக்கால் பாருங்கள். சூடான டோர்ட்டியாவில் ஈரச் சுண்ணாம்புச் சுவரில் மழை பட்ட மாதிரி ஒரு மெல்லிய வாசனை இருக்கும். கல்லில் போட்டால் உப்ப வேண்டும். மடித்தால் துணி மாதிரி மடிய வேண்டும். உங்களுக்கு வந்தது பொட்டலத்தில் பல நாள் கிடந்து, சரியாகச் சூடுபடுத்தாமல் வைத்தது.

பசித்தவன்

சோளக்கொல்லை ஐயா, மிக்க நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை ரூஸ்வெல்ட் அவென்யூ போகப் போகிறேன். ஒரே ஒரு சிக்கல். என் மனைவி சைவம். முட்டை, பால் பரவாயில்லை. மெக்சிகோவில் இருந்தபோது அவள் கூட வரவில்லை, அதனால் எனக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. போன தடவை கடையில் பீன்ஸ் கேசடியா (மடித்துச் சுட்ட டோர்ட்டியா) வாங்கிக் கொடுத்தேன், பாதி சாப்பிட்ட பிறகுதான் அந்தப் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு என்று தெரிந்தது. பாவம், அன்று முழுக்க அவள் எதுவும் சாப்பிடவில்லை. அவளை மறுபடியும் அப்படி ஏமாற்றக் கூடாது.

கீரைக்காரி

தம்பி, இதை நான் சொல்கிறேன். நான் பிறந்ததிலிருந்தே சைவம், பக்கத்து வீட்டில் ஒவாஹாகாக் குடும்பம், 11 வருடப் பழக்கம்.

மூன்று இடத்தில் ஏமாறுவோம். ஒன்று பீன்ஸ். மசித்த பீன்ஸை மாந்தேகா என்கிற பன்றிக் கொழுப்பில் தாளிப்பது அங்கே வழக்கம். இரண்டு, சாதம். சிவப்புச் சாதம் பல கடைகளில் கோழிச் சாற்றில் வேகும். மூன்று, தமால், அதாவது சோள மாவை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது. உள்ளே மிளகாயும் சீஸும் மட்டும் வைத்த 'ராஹாஸ்' தமால் பார்க்கச் சைவமாகத்தான் இருக்கும், ஆனால் மாவையே மாந்தேகா சேர்த்துத்தான் அடித்திருப்பார்கள். 'சின் கார்னே' என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டு இல்லாமல் கொடுப்பார்கள், கொழுப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள், அவர்களுக்குக் கொழுப்பு என்பது நமக்கு எண்ணெய் மாதிரி. தெளிவாக, 'யேவா மாந்தேகா?' என்று கேளுங்கள். மாந்தேகா சேருமா என்று அர்த்தம். 'கால்தோ தே போயோ' என்றால் கோழிச் சாறு, அதையும் கேட்டுவிடுங்கள்.

சரி, சாப்பிட என்ன இருக்கிறது? நிறைய. நோபாலேஸ் கேளுங்கள். நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி இருக்கிறதே, அந்த இனம்தான். முள்ளைச் சீவி எடுத்து வதக்கினால் வெண்டைக்காயின் வழவழப்பும் லேசான புளிப்பும் வரும். பூசணிப்பூ வைத்த கேசடியா, 'ஃப்ளோர் தே கலபாசா' என்று கேட்க வேண்டும். மழைக்காலத்தில் சோளக் கதிரில் வளரும் கருப்புப் பூஞ்சை, உயிட்லகோச்சே, அதை வைத்தும் கேசடியா போடுவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ருசி காளானுக்கும் மண்ணுக்கும் நடுவில். இங்கே பெரும்பாலும் டப்பாவில் அடைத்ததுதான் கிடைக்கும், அதுவே நன்றாக இருக்கும். அப்புறம் த்லகோயோ, நீல சோள மாவில் பீன்ஸ் அல்லது பட்டாணி வகையை வைத்து மூடி, தோணி வடிவில் தட்டிக் கல்லில் சுடுவது. அதில் மட்டும் உள்ளே வைக்கும் பூரணத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிக்க ஹமைக்கா தண்ணீர் வாங்குங்கள். புளிச்சைக்கீரை வகைச் செடியின் சிவப்புப் புல்லி இதழை ஊறவைத்தது. புளித் தண்ணீரும் இருக்கும், அதற்குத் தமரிந்தோ என்றே பெயர். உங்கள் மனைவிக்குப் பிடிக்கும்.

டெக்சாஸ்தாத்தா

எல்லோரும் மஞ்சள் சீஸைத் திட்டுகிறீர்கள். நான் சான் அன்டோனியோவில் 30 வருடம் இருந்தவன், ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள்.

டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சாஸ் பாணி மெக்சிகன் சமையல், கெட்டுப்போன மெக்சிகன் சாப்பாடு அல்ல. டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. எல்லைக்கோடு மாறியது, அங்கே இருந்த குடும்பங்கள் மாறவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சான் அன்டோனியோ சந்தைத் திடல்களில் பெண்கள் விளக்கு வைத்துக்கொண்டு சில்லி கான் கார்னே விற்றார்கள். அது அவர்கள் மண்ணின் சாப்பாடு. கோதுமை டோர்ட்டியாவை 'போலி' என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சொனோரா, சிவாவா போன்ற வட மாநிலங்களில் கோதுமைதான் விளைகிறது, கோதுமை டோர்ட்டியாதான் வீட்டுச் சாப்பாடு. பர்ரிட்டோ அங்கே பிறந்ததுதான். நாச்சோஸ் கூட எல்லைக்கு அந்தப் பக்கம், பியேத்ராஸ் நேக்ராஸ் ஊரில் 1940களில் ஒரு மெக்சிகர் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்தது.

மிட்டவுன் கடை மோசமாகச் சமைத்தது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அசல் இல்லை என்று சொல்வதற்கு முன் எந்த ஊரின் அசல் என்று கேளுங்கள்.

சோளக்கொல்லை

தாத்தா சொல்வது நியாயம். கோதுமை டோர்ட்டியாவை நான் போலி என்று சொல்லவில்லை, ஆனால் என் பதிவு சோளத்தை மட்டுமே பேசியது, அது என் குறைதான். நல்ல சொனோரா கோதுமை டோர்ட்டியா வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லியதாக இருக்கும், அதற்கு ஈடு இல்லை.

ஆனாலும் ஒரு இடத்தில் உங்களோடு மாறுபடுகிறேன். டெக்சாஸ் குடும்பம் டெக்சாஸில் சமைத்தால் அது அவர்கள் சாப்பாடு. அதே பட்டியலை மிட்டவுனில் ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பமும் இல்லாமல், புவேப்லாவிலிருந்து வந்த சமையல்காரரின் கைப்பக்குவத்தையும் மறைத்து, உறைந்த பொட்டலத்தைப் பிரித்து வைக்கச் சொன்னால் அது யாருடைய சாப்பாடும் இல்லை. நான் கணக்கு எழுதிய கடையிலேயே இதைப் பார்த்தேன். மதியம் 3 மணிக்குச் சமையல்காரர்கள் தங்களுக்கென்று ஒரு பானையில் பச்சைப் போசோலே வைப்பார்கள். வெந்த நிஷ்டமால் சோளம் பூப்பூவாக மலர்ந்து, பூசணி விதையும் தொமாத்தியோ என்கிற பச்சைக்காயும் அரைத்த சாறு, மேலே முள்ளங்கியும் ஓரிகானோவும் எலுமிச்சையும். கெரேரோக்காரர் ஒருவர் வியாழன்தோறும் வைப்பார், அவர் ஊரில் வியாழன்தான் போசோலே நாள். வெளியே விருந்தினர்களுக்கு அது ஒரு நாளும் போனதில்லை. இதைப் பட்டியலில் போடலாமே என்று முதலாளியிடம் இரண்டு முறை சொன்னேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். அந்தப் பானையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

அதனால்தான் சொல்கிறேன், சமைப்பவர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிடுங்கள்.

ஏழாம்நம்பர்

மேலே சொன்ன எல்லாமே தெருவோரமாக இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் லாங் ஐலண்ட் சிட்டியில் காசா என்ரிகே. நியூயார்க்கில் மிஷெலின் உணவகக் கையேட்டின் நட்சத்திரம் வாங்கிய முதல் மெக்சிகன் உணவகம் அதுதான். சமையல் தலைவர் சியாபாஸ் மாநிலத்துக்காரர். சன்னிசைடிலிருந்து ரயிலில் சில நிறுத்தம்தான். பிராங்க்ஸில் வில்லிஸ் அவென்யூவில் லா மொராடா, ஒவாஹாகா மோலே வகைகளுக்காகவே போகலாம். வெள்ளை மோலே இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். ஈஸ்ட் ஹார்லெமில் 116ஆம் தெருவும் நல்ல இடம்.

நட்சத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024இல் மெக்சிகோ சிட்டியில் எல் கலிஃபா தே லியோன் என்கிற டாக்கோக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். 1968இலிருந்து நடக்கும் நின்று சாப்பிடும் கடை, பட்டியலில் நாலே நாலு டாக்கோ. நின்று சாப்பிடுவது மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பசித்தவன்

சனிக்கிழமை போய்வந்தோம். இரண்டு நாளாக எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

காலை 10 மணிக்கே 74ஆம் தெருவில் இறங்கிவிட்டோம். நடைபாதையில் ஒரு அம்மா, சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியில் பெரிய ஐஸ்பெட்டி மாதிரி ஒன்றை வைத்து, மேலே இரண்டு துண்டு போர்த்தியிருந்தார். துண்டை விலக்கியதும் ஆவி. தமால். நான் பச்சைச் சால்சா கோழி வாங்கினேன். மனைவி கீரைக்காரி அக்கா சொல்லிக்கொடுத்தபடி 'யேவா மாந்தேகா?' என்று கேட்டாள். அந்த அம்மா ஒரு நொடி யோசித்து, 'சீ, தோதோஸ்' என்றார், எல்லாவற்றிலும் உண்டு என்று. பிறகு அவராகவே பெட்டியை மூடிவிட்டு, எதிர்ப்பக்கம் சோளமாவும் சாக்லேட்டும் சேர்த்துக் காய்ச்சிய சம்புர்ராதோ விற்கிற இன்னொரு அம்மாவைக் கைகாட்டினார். விற்க வேண்டிய ஒருவர் விற்காமல் வழிகாட்டியது எங்கள் இரண்டு பேருக்கும் மனசைத் தொட்டது.

கொரோனா பிளாசாவுக்கு வந்து சேர்ந்தபோது மணி 12. ரயில் நிலையப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நீல மாவு பிசைந்துகொண்டிருந்தார். நீலம் என்றால் கரும்பலகை நிறம். ஒரு உருண்டையை எடுத்து உள்ளங்கையில் குழித்து, பீன்ஸ் மசியலை வைத்து மூடி, இரண்டு கையாலும் மாற்றி மாற்றித் தட்டுகிறார், தட்டும்போதே அது நீண்டு தோணி ஆகிவிடுகிறது. கல்லில் போட்டதும் நிறம் இன்னும் கறுத்தது. ஓரத்தில் பொட்டுப் பொட்டாகக் கருகியதும் திருப்பி, மேலே நோபால், வெங்காயம், பச்சைச் சால்சா, உதிர்த்த வெள்ளை சீஸ். பீன்ஸில் கொழுப்பு இல்லை, எண்ணெய்தான் என்று உறுதியாகச் சொன்னார். மனைவி இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவதைப் பொட்டலம் கட்டச் சொன்னாள்.

சோளக்கொல்லை ஐயா, நீங்கள் சொன்ன அந்த மழை வாசனை வந்தது. நான் மெக்சிகோவில் 8 மாதமும் அதை முகர்ந்திருக்கிறேன், என்ன வாசனை என்று பெயர் வைக்கத் தெரியாமல்.

செமிட்டாவும் சாப்பிட்டேன். பாபலோ உண்மையிலேயே முதல் வாயில் சோப்பு மாதிரி இருந்தது. முழுதும் சாப்பிட்டு முடித்தேன். அல் பாஸ்டோர் மட்டும் ஏமாற்றம். கம்பி எதையும் காணவில்லை, கல்லில் வதக்கிக் கொடுத்தார்கள். சுவாதேரோ ஒரு வண்டியில் இருந்தது, நன்றாகவே இருந்தது.

பிளாசாவில் கடைகள் நான் நினைத்ததைவிடக் குறைவு. முன்பு நிறைய இருந்ததாகப் பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

மிளகாய்வற்றல்

ஆமாம். 2023 கோடையில் நகர நிர்வாகம் பிளாசாக் கடைகளை அப்புறப்படுத்தியது. பெரிய போராட்டம் நடந்து, அதே வருடம் குறைந்த எண்ணிக்கையில் மறுபடி அனுமதித்தார்கள். தெருவில் சாப்பாடு விற்கும் உரிமத்துக்கு 1980களிலேயே உச்சவரம்பு போட்டுவிட்டார்கள், உரிமத்துக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். நீங்கள் சாப்பிட்ட த்லகோயோவுக்குப் பின்னால் அவ்வளவு இருக்கிறது. அதனால் ஒரு வண்டி இன்று நின்ற இடத்தில் நாளை இல்லை என்றால் கோபப்படாதீர்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

அல் பாஸ்டோர் விஷயம்: அந்தக் கம்பிக்கு ட்ரோம்போ என்று பெயர், பம்பரம். அதைக் கட்டி ஏற்றினால் அன்றே தீர வேண்டும். அதனால் பல கடைகள் வெள்ளி முதல் ஞாயிறு வரை, அதுவும் மாலையில்தான் ஏற்றுவார்கள். நீங்கள் மதியம் போனீர்கள். இரவு 8 மணிக்கு மேல் போங்கள். கம்பி சுற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கேளுங்கள். வெளிப்பக்கம் மொறுமொறுவென்று ஆன இடத்தை மட்டும் சீவ வேண்டும். வேகாத இறைச்சியைச் சீவிக் கல்லில் போட்டுச் சமாளிக்கிற கடையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

புரூக்ளின்வாசி

நாள் பார்த்துச் சாப்பிடுவது பற்றி ஒன்று. பார்பகோவா சனி, ஞாயிறு காலையில்தான். ஆட்டிறைச்சியைக் கற்றாழை போன்ற மாகே மடலில் பொதிந்து, ஊரில் குழிக்குள் இரவு முழுக்க வேகவைப்பார்கள். இங்கே குழிக்குப் பதில் பெரிய ஆவிப்பானை. எடைக் கணக்கில் விற்கும், கூடவே கொண்டைக்கடலை போட்ட சாறு. மதியம் 1 மணிக்குத் தீர்ந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் சிலே என் நொகாதா தேடுங்கள். புவேப்லாவின் பெருமை அது. அடைத்த பச்சை மிளகாய், வெள்ளை வால்நட் சாறு, மேலே சிவப்பு மாதுளை முத்துக்கள், அவர்கள் கொடியின் மூன்று நிறம். மே 5ஆம் தேதி மட்டும் சலுகை போடும் கடைகளைத் தவிர்த்துவிடுங்கள். 1862இல் புவேப்லாவில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள் அது, சுதந்திர தினம்கூட இல்லை. சுதந்திர தினம் செப்டம்பர் 16.

அப்புறம் வீட்டில் செய்ய ஆசை இருந்தால் அதே தெருவில் மளிகைக்கடைக்குள் நுழையுங்கள். தொமாத்தியோ வாங்குங்கள். காகிதப் பை போர்த்திய பச்சைக்காய், நம் சொடக்குத் தக்காளியின் பெரிய உறவு. அதையும் ஒரு வெங்காயம், இரண்டு ஹலபேன்யோ, ஒரு பல் பூண்டையும் எண்ணெய் இல்லாமல் கல்லில் கருக வாட்டி, கொத்தமல்லி, உப்போடு ஒன்றிரண்டாக அரையுங்கள். பச்சைச் சால்சா தயார். உலர்ந்த மிளகாய் வாங்கும்போது வளைத்துப் பாருங்கள். ஆஞ்சோ, பசியா எல்லாம் தோல் மாதிரி வளைய வேண்டும். ஒடிந்தால் பழைய சரக்கு.

கீரைக்காரி

தம்பி, மனைவி வயிறார சாப்பிட்டாள் என்று படித்தபோது எனக்கே சாப்பிட்ட மாதிரி இருந்தது. தமாலும் ஆசை என்றால் ஒன்று சொல்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா எனக்காகக் கொழுப்பு இல்லாமல் எண்ணெய் விட்டு அடித்து, வாழையிலையில் மடித்துக் கொடுப்பார். ஒவாஹாகாவில் வாழையிலைத் தமால் வழக்கம்தான். எண்ணெய் விட்டது கொஞ்சம் இறுக்கமாக வரும், மாவை அதிக நேரம் அடித்தால் சரியாகிவிடும். நீங்களும் உங்கள் தமால் அம்மாவிடம் முதல் நாளே சொல்லி வைத்துப் பாருங்கள், ஒரு டஜன் வாங்குகிறேன் என்றால் பல பேர் செய்து தருவார்கள்.

பசித்தவன்

கேட்டுவிட்டேன் அக்கா. நேற்று வேலைக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தம் கூடப் போய் அவரைப் பார்த்தேன். எண்ணெயில் செய்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார். 12 ராஹாஸ் சொல்லியிருக்கிறேன், எங்களுக்கு 6 போதும்.

இந்த இழையில் இருப்பவர்கள் யாராவது வர முடிந்தால் வாருங்கள். ஞாயிறு காலை 9:30, 74ஆம் தெரு நிலையத்தின் ரூஸ்வெல்ட் அவென்யூ வாசல். தமால் வாங்கிக்கொண்டு நடந்து, பார்பகோவா தீர்வதற்குள் கொரோனா போய்விடலாம். சின்ன நோட்டாக ரொக்கம் கொண்டுவாருங்கள்.

சோளக்கொல்லை

நான் வருகிறேன். என் வீட்டுச் செடியில் பாபலோ நன்றாக வந்திருக்கிறது, ஒரு கட்டு பறித்துக்கொண்டு வருகிறேன்.